அண்ணன் கழற்றிய கம்பி

ஞாயிறு, இரவு.

கத்தாரிலிருந்து திரும்பிய அண்ணன் இப்போது பெரிய கடலோடி. புதுச்சேரியில் பழைய பாய்மரப் படகொன்றை வாங்கி, லாரியில் ஏற்றி வந்து, என் பீங்கான் பட்டறை முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். கயிற்றை இழுத்தால் பாயைச் சுருட்டிக்கொள்ளும் உருளை ஒன்றை இன்று பொருத்தக் கிளம்பினார். ஒரே ஒரு வீடியோ பார்த்த தைரியம்.

உருளையை மாட்ட, பாய்மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியைக் கழற்ற வேண்டும்.

"அதக் கழட்டிட்டா மரத்த எதுண்ணே புடிக்கும்? மொதல்ல ஒரு கயிறு கட்டிக்கங்க" என்றேன்.

"பொம்ம செய்யறவளுக்குப் படகப் பத்தி என்னா தெரியும்?" என்றார்.

கழற்றினார். மரம் பின்பக்கம் சாய்ந்து, டீ கொண்டுவந்து நின்ற அண்ணிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. காயப்போட்டிருந்த பொம்மைகள் பொடியாகின. அண்ணன் கையிலிருந்த உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேள, இதுக்கு ஒண்ணும் ஆவல."

இந்த மனிதர்தான் கடலில் எங்களைக் கூட்டிப்போகப் போகிறாராம்.

சாயங்காலம் ஃபோன் செய்து, மரத்தைத் தூக்க நாளைக்குப் பட்டறை ஆட்களை அனுப்பச் சொன்னார். முடியாது என்று வைத்துவிட்டேன். அண்ணியைப் பற்றி அவர் அப்போதும் கேட்கவில்லை.

அண்ணி அவரோடு வீட்டுக்குப் போகவில்லை. இங்கே, என் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"மரம் வுழுந்தப்ப அவரு என்னத் திரும்பிப் பாத்தாரா?" என்று இப்போது கேட்கிறார்கள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை.