சொந்த ஊர்க்காரனுக்குக் காசு எதற்கு?

நேற்று மாலை உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரைக் கபடிப் போட்டியில் நம் ஊர் அணிக்கு ஆடுவதாகத் தினேஷ் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியூரிலிருந்து வரவழைக்கும் ரைடருக்கு ஓர் ஆட்டத்துக்கு என்ன கொடுக்கிறார்களோ, அதையே தனக்கும் தர வேண்டும் என்கிறான். கிளப்பின் பொருளாளர் குமரேசன் தொலைபேசியில் சொன்னார். தினேஷிடமும் தனியாகக் கேட்டேன். "ஆமா சார், கேட்டது நெஜந்தான். பக்கத்து ஊர்லயும் கூப்டுகினுதான் கீறாங்க" என்றான். இரண்டு தரப்பும் ஒன்றையே சொல்கின்றன. பத்திரிகையில் இது இரண்டு வரிகூட வராது. ஆனாலும் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை ஒரகடம் சந்திப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதல் ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒருவர் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டி, வலிக்கான ஸ்பிரேயை அடித்துக்கொண்டார். மூக்கைக் கிள்ளும் அந்தக் குளிர்ந்த வாசனை டீயின் ஆவியையும் தாண்டி வந்தது. கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பேன்ட் பாக்கெட் எப்போதும் ஒரு பக்கம் புடைத்திருக்கும். ஆட்டத்தில் யார் விழுந்தாலும், மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தே அந்த ஸ்பிரே டப்பாவை வீசுவாய். நம் ஆளாக இருந்தால் உடனே. எதிரணியாக இருந்தால் அவனை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு. "எங்கேயிருந்து வாங்கினாய்?" என்று கேட்டால், "கம்பெனி எனக்குக் குடுத்த போனஸு" என்பாய். அது மெடிக்கல் ஷாப்பில் நீ காசு கொடுத்து வாங்கியது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாம் இருவரும் அறிமுகமானதும் ஒரு தகராறில்தான். நீ சங்கத் தலைவராக இருந்த தொழிற்சாலையின் வாசலில் கூலி உயர்வுக்காக உட்கார்ந்திருந்தீர்கள். நான் செய்தி சேகரிக்க வந்தேன். "யோவ் பேப்பரு, போன தபா வந்தவன் 'ஊழியர்கள் ஆத்திரம்'னு போட்டான். நாங்க ஆத்திரப்படலய்யா, பசியில கீறோம். கரெக்ட்டா போடு" என்றாய். கரெக்ட்டாகப் போட்டேன். அடுத்த ஞாயிறு என்னை ஏரிக்கரை மைதானத்துக்கு இழுத்துப் போனாய். அதன் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் அந்தக் கயிற்றோரம் கழிந்தன. நான் குறிப்பு எடுப்பேன், நீ கத்துவாய். பாதி நாள் உன் சத்தத்தில் நடுவரின் விசில் எனக்குக் கேட்காது.

தினேஷ் அப்போதே நம் அணியின் பெரிய ரைடர். வாரநாளில் உன் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, ஞாயிறு ஆட்டம். கிளப்பின் வழக்கம் உனக்குத் தெரியும். சொந்த ஊர்ப் பையன்களுக்கு ஜெர்சி, மத்தியானம் பிரியாணி, ஜெயித்தால் கோப்பையோடு ஒரு போட்டோ. வெளியூரிலிருந்து வரும் கெஸ்ட் ஆட்டக்காரருக்கு மட்டும் பேசிய தொகை. அந்த வருஷம் தண்டலம் பக்கத்திலிருந்து ஒரு கெஸ்ட் ரைடர் வந்தார். அவர் பைக்கில் வந்து இறங்கினதுமே நம் ஜனம் விசில் அடிக்கும். அவர் காசு வாங்குவது யாருக்கும் உறுத்தவில்லை.

உங்கள் கூலி ஒப்பந்தம் கையெழுத்தான வாரம் அது. கேட்டில் பட்டாசு வெடித்து, உன்னைத் தோளில் தூக்கிப் போனார்கள். சட்டையெல்லாம் சிவப்புக் குங்குமத்தோடு நீ டீக்கடைக்கு வந்தபோது தினேஷ் அங்கே நின்றிருந்தான். கெஸ்டுக்குத் தருவதைத் தனக்கும் தரச் சொல்லி அவன் கிளப்பில் கேட்டிருந்தது அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது.

"இன்னாடா, ஊர் ஜெர்சிக்கு வெல பேசிகினு கீறியாமே?"

"வெல இல்லண்ணா. அந்த கெஸ்டு போற ரைடுதானே நானும் போறேன்?"

"அவன் வெளியூருடா."

"வெளியூர்க்காரன் முட்டி மட்டும் சதையால செஞ்சதா? எனுது இன்னா இரும்பா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அவன் விடவில்லை. "கேட் மீட்டிங்ல மைக்க புடிச்சிகினு பேசுனியேண்ணா, ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு. நானும் ரோட்டோரம் நின்னு கேட்டேன், கைகூட தட்டுனேன். அது இன்னா, கம்பெனி காம்பவுண்டுக்குள்ள மட்டுந்தானா?"

"அது வேற, இது வேற" என்றாய். டீயைப் பாதியில் வைத்துவிட்டு என் பைக்கை நோக்கி நடந்தாய்.

திரும்பும் வழியில் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து கத்தத் தொடங்கினாய். "ஞாயித்துக்கெழம OT-ய வுட்டுட்டு வர்றேன்யா நான். தொண்டை கிழியக் கத்தறேன். எனக்கு எவன் குடுக்கறான்? நான் காசு வாங்காம கத்தல? அவன் காசு வாங்காம ஆடக்கூடாதா?" காற்றில் பாதி போய்விட்டது. மீதி என் காதில் இன்னும் இருக்கிறது. கத்துகிறவன் கொடுப்பதும் உழைப்புதான். ஒரே வித்தியாசம், கத்துகிறவன் அடிபடாமல் திங்கட்கிழமை ஷிப்டுக்கு நேராக நடந்து போய்விடுவான்.

கிளப் மறுத்தது. தினேஷ் பக்கத்து ஊருக்கு ஆடப் போனான். அங்கே அவன் வெளியூர்க்காரன், அதனால் அங்கே அவனுக்குக் காசு உண்டு. நம் ஊர் அவனைப் பேசாத பேச்சில்லை. முதல் ஆள் நீ.

பிறகு அந்த ஞாயிறு. நம் மைதானத்திலேயே நமக்கு எதிராக, வேறு நிற ஜெர்சியில் அவன் இறங்கினான். அவன் பாடி வரும்போதெல்லாம் உன் குரல்தான் எல்லோரையும் தாண்டிக் கேட்டது. "கூலிக்காரன் வர்றான்டா! கூலிய எண்ணி வாங்கிகினியாடா?" அவனுக்குக் கேட்டது. ஒரு தடவை நம் பக்கம் திரும்பிச் சிரிக்கவும் செய்தான். அடுத்த ரைடில் நம் பையன் ஒருவன் அவன் கணுக்காலைப் பிடித்தான். தினேஷ் உடம்பை முறுக்கி நடுக்கோட்டைத் தொடப் பாய்ந்தான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை.

விழுந்தவன் எழவில்லை. நம் பக்கம் விசில் கிளம்பியது. நான் உனக்கு மிக அருகில் நின்றிருந்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: விசிலடிக்க இரண்டு விரலை நீயும் வாயில் வைத்தாய். ஆனால் உன்னிடமிருந்து சத்தம் வரவில்லை. விரல்களை எடுத்துப் பேன்ட்டில் துடைத்தாய். பிறகு கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாய். நடுவர் தடுத்தார், நீ நிற்கவில்லை. முதல் தடவையாக அந்த டப்பாவை வீசாமல், மண்ணில் மண்டியிட்டு நீயே அவன் முட்டியில் அடித்தாய்.

"ஏண்ணா, இதுக்கு இன்னா கூலி?" என்று கேட்டானாம். அவன்தான் பின்னால் சொன்னான். நீ என்னிடம் சொல்லவே இல்லை.

பக்கத்து ஊர் அவனுக்கு அன்றைய ஆட்டத் தொகையைத் தந்தது, ஆட்டோ வைத்து எக்ஸ்ரே எடுக்க அனுப்பியது. அதோடு அவர்கள் கணக்கு முடிந்தது. முட்டியின் உள்ளே தசைநார் கிழிந்திருந்தது. வேலைக்குப் போக முடியாததால் கான்ட்ராக்டர் அவன் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார். மறுவாரம் நாம் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா வாசலிலேயே உன்னை மறித்தார். "கிரவுண்டுல கத்துனது பத்தலயா? வூட்டுக்கும் வந்து கத்தணுமா?" நீ செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். உள்ளே இருந்து அவன் குரல் வந்தது. "வுடும்மா, வரட்டும். தலைவரு பாக்கட்டும், ஊர் சொத்து ஒடஞ்சி கெடக்குது."

அதற்கு அடுத்த ஞாயிறு நீ செய்த காரியத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மைதானத்தை ஒட்டிய கொட்டகையில் கிளப் கமிட்டியைக் கூப்பிட்டாய். நடுவில் ஒரு மேஜை. இந்தப் பக்கம் ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு வரிசை. உங்கள் தொழிற்சாலைப் பேச்சுவார்த்தை அறையில் எப்படியோ அப்படியே. தினேஷைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உன் பக்கத்தில் உட்காரவைத்தாய். குமரேசன் உள்ளே வந்து திகைத்து நின்றார்.

"இன்னாய்யா இது, பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் எதிரெதிரா ஒக்கார வெச்சிகீற?"

"மேனேஜ்மென்ட்டு அந்தப் பக்கம் ஒக்காரு."

"யோவ், நான் வாட்டர் கேன் போடறவன்யா! நான் எப்போய்யா மேனேஜ்மென்ட்டு ஆனேன்?"

"கெஸ்டுக்கு கவர் குடுத்தியே, அன்னிக்கு."

"கிளப்புக்கு ஏதுய்யா லாபம்?"

"எங்க கம்பெனியும் இத்தயேதான் சொல்லுது, இங்கிலீஷ்ல" என்றாய். குமரேசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு கோரிக்கை வைத்தாய். ஆட்டத்தில் அடிபட்டால், நம் ஊர்க்காரனோ வெளியூர்க்காரனோ, வைத்தியச் செலவு கிளப்புடையது. ஒத்துக்கொண்டார்கள். பரிசுத் தொகையில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்குவதாகச் சொன்னார்கள், தினேஷிலிருந்தே தொடங்கினார்கள். இரண்டாவது, ஒரே ஆட்டத்துக்கு ஒரே தொகை. அங்கேதான் நின்றது. "சொந்த ஊர்க்காரனுக்குக் காசு எதுக்குய்யா? நாளைக்கி சாமி தூக்கறவனும் கேப்பான்" என்றார் குமரேசன். எதிர்வரிசையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நீ எழவில்லை. "அடுத்த ரவுண்டு பேசுவோம்" என்றாய், அதே தொழிற்சாலைக் குரலில்.

அன்று பைக்கில் வரும்போது உன்னிடம் நேராகக் கேட்டேன். அவன் கேட்பது நியாயம் என்று இப்போது நினைக்கிறாயா? சேரப்பணஞ்சேரி தாண்டும்போது சொன்னாய்: "நியாயந்தான்யா. ஆனா எனக்குப் புடிக்கல. ரெண்டும் நெஜம். பேப்பர்ல போட்டுடாத."

போடவில்லை. அடுத்த ரவுண்டுக்கு நீ இல்லை. ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாய். அந்த பஸ்ஸில் எல்லோரும் அப்படித்தான் தூங்குவார்கள். உன் நிறுத்தம் வந்ததும் பின் சீட்டுக்காரர் தோளைத் தட்டினார். நீ இறங்கவில்லை.

இப்போது தினேஷின் முட்டி ஆறிவிட்டது. வேறொரு கம்பெனியில் வேலை, மறுபடியும் ஆட்டம். முன்னைவிட நிதானமாக ஆடுகிறான், அதனால் இன்னும் ஆபத்தான ரைடர். அதே கோரிக்கையை மறுபடி வைத்திருக்கிறான். ஊர் கொதிக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவுகள் வந்தபடி இருக்கின்றன. எல்லாவற்றையும் கேட்டேன். பாதிப் பேர் உன்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். "தலைவரு இருந்திருந்தா இவன செருப்பாலயே அடிச்சிருப்பாரு" என்று ஒருவர். "கூலிக்காரன் வர்றான்டா" என்று நீ கத்தியதை உன் குரலிலேயே நடித்து அனுப்பியிருக்கிறார் இன்னொருவர். நன்றாகவே நடித்திருக்கிறார். கேட்டதும் ஒரு கணம் நீதான் என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை.

கயிற்றோரம் நின்றவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். கொட்டகையில் இருந்தவர்கள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அதனால் நீ கத்தியது ஊர் ஞாபகமாகிவிட்டது, நாற்காலி போட்டது ஆகவில்லை. குமரேசனிடம் இதைச் சொன்னேன். "அத்த வுடு சார், அன்னிக்கி அவரு சும்மா தமாஷுக்கு நாற்காலி போட்டாரு" என்றார். பிறகு அவரே கொஞ்சம் நிறுத்தி, "தமாஷுக்கா சார் போட்டாரு?" என்று கேட்டார்.

அந்த நாற்காலியை இந்த ஊர் மெய்யாக எடுத்துக்கொள்கிறதா என்றுதான் தினேஷுக்கும் தெரிய வேண்டியிருக்கிறது. "காசு ஒரு பக்கம் சார். பக்கத்து ஊரு குடுத்துடுவான். ஆனா அந்தக் கலரு போட்டுகினு நம்ம கிரவுண்டுல மறுக்கா எறங்க என்னால முடியாது. இவங்க குடுக்க மாட்டோம்னுட்டா இந்த வருசம் ஆடவே மாட்டேன்" என்றான். அவன் வயதில், ஆடுவதற்கு இனி மிச்சமிருக்கும் சில வருஷங்களில் அது ஒன்று.

நீ போடாதே என்றதை இத்தனை நாள் வைத்திருந்தேன். பேப்பரில் இப்போதும் போட மாட்டேன். ஆனால் கமிட்டியில் சொல்வேன், இரண்டு பாதியையும். உனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைத்து உன்னை நல்லவனாக்கினால், நீயே கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து திட்டுவாய். நியாயம் என்று சொன்னதை மறைத்தால், உன் குரலில் யார் வேண்டுமானாலும் கத்திக்கொண்டே இருப்பார்கள்.

நீ போன பிறகு உன் மகள் என்னிடம் கொடுத்த அந்த ஸ்பிரே டப்பா என் பைக் பெட்டியில் இருக்கிறது. டீக்கடையிலிருந்து கிளம்பும்போது எடுத்து ஆட்டிப் பார்த்தேன். அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் சத்தம் கேட்கிறது.

கமிட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை அதே கொட்டகையில் கூடுகிறது. தொகை பற்றிய முடிவு அங்கே வரலாம். தினேஷ் தன் பதிலை அதற்குப் பிறகுதான் சொல்வான். இன்று மதியம் குமரேசன் மறுபடி போன் செய்தார். நாற்காலியை வட்டமாகப் போடுவதா, எதிரெதிராகவா என்று கேட்டார். எதிரெதிராக என்றேன். தினேஷ் பக்கத்தில், அன்று நீ உட்கார்ந்த இடத்தில், ஒன்று கூடுதலாக.