சேற்றில் போன பூட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? நான் நலம்.

கடல் பின்வாங்கியதும் சேற்றில் இரை தேடும் வலசை உள்ளான் பறவைகளை எண்ணுவதுதானே என் வேலை? செவ்வாயன்று இரண்டாயிரத்து நானூறு எண்ணியிருந்தேன். திடீரென்று மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்தது. தொலைநோக்கியை இறக்கிப் பார்த்தால், என்னைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கால் முழங்கால்வரை புதைந்திருந்தது. கத்தினேன், எதிர்க்காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. நல்லவேளையாக, நண்டு பிடிக்கும் அக்கா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "காலை உருவும்மா! உயிரு பெருசா, பூட்ஸு பெருசா?" என்று திட்டிக்கொண்டே இழுத்துப்போட்டார். ஒற்றைக் கால் பூட்ஸோடு கரையேறினேன். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மட்டும் மறுபடி சேற்றில் இறங்கவில்லை; பூட்ஸ் இல்லையே அப்பா.

அம்மாவிடம் பூட்ஸ் தொலைந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஒரு சின்ன உதவி. நீங்கள் கண்டக்டராக இருந்தபோது ஊதிய விசிலை அனுப்புவீர்களா? இங்கேயும் விசில் கிடைக்கும்தான். ஆனால் உங்கள் விசிலுக்கு ஓடுகிற பஸ்ஸே நின்றதே, கடல் கொஞ்சமாவது யோசிக்காதா?

கடற்கரைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். இன்றும் அதே இடத்தில்தான் எண்ண வேண்டும். சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள் மகள்