கறுப்பு ஜன்னலுக்கு ஒரு புரொஃபைல்

6.10.2003, திங்கள். மழை.
கணினியைக் கொன்றுவிட்டேன் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல் திறந்த உடனே மூடிக்கொள்கிறது. மகள் துளசி வந்து பார்த்தாள். ஜன்னல் திறக்கும்போதெல்லாம் கணினி முதலில் வாசிப்பது புரொஃபைல் கோப்பைத்தானாம். அதன் கடைசி வரியில் exit, ஜன்னலை மூடும் கட்டளை. எழுதியது நான்.
"ஏனப்பா அதைப் போட்டனீங்கள்?" என்று கேட்டபடியே வரியை அழித்தாள்.
"வேலை முடிஞ்சால் கதவைச் சாத்தவேணுமெல்லோ."
தினமும் கந்தோர்களில் மேசை, தரை துடைத்துக் கதவு பூட்டிவிட்டு வருகிறவன் வேறென்ன எழுதுவான்? மனைவி சிரித்ததில் தேநீர் என் சட்டையில்.

7.10, செவ்வாய். மழை விடவில்லை.
தமிழ்ப் பள்ளியின் இணையப்பக்கம் இதுவரை துளசியின் பொறுப்பு. சனிக்கிழமை டார்ம்ஸ்டாட் நகருக்குப் போகிறாள், அங்கேயே தங்கிப் படிக்க. இனி என் தலையில்.
"நீங்கள் தனிய ஒருக்கா ஏத்திக் காட்டுங்கோ. அப்பதான் எனக்கு நிம்மதி."
பக்கத்தை ஏற்றும் கட்டளை ஒரு முழ நீளம். புரொஃபைலில் அதற்குச் செல்லப்பெயர் வைக்கலாமாம். ethu என்று வைத்தேன், 'ஏத்து'.
காலைக்குப் பாண், கறிக்குக் கத்தரிக்காய் வாங்க மறந்தாயிற்று.

9.10, வியாழன்.
துளசி கொண்டுபோகும் தூளுக்கு மனைவி மிளகாய் வறுக்கிறாள். நெடி தாங்காமல் மேல்வீட்டு அம்மா தன் ஜன்னலை அடித்துச் சாத்தினார்.
exit-க்கும் செல்லப்பெயர் வேண்டும்.
"po எண்டு வையுங்கோ அப்பா. ரெண்டே எழுத்து."
"வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை ஆர் 'போறன்' எண்டு சொல்லுறது? 'வாறன்' எண்டுதான் சொல்லுறது."
"கொம்பியூட்டருக்குமோ?"
"ஓம். அதுவும் இந்த வீட்டிலைதானே கிடக்கு."
"உங்களைத் திருத்த ஏலாது."
vaaran என்று வைத்தேன். அடித்துப் பார்த்தேன். மூடியது, மரியாதையாக.

10.10, வெள்ளி.
வகுப்பு அட்டவணையைத் தனியாக ஏற்றினேன். முதல்முறை போனது பழைய அட்டவணை. ஒருவரும் பார்க்குமுன் மாற்றிவிட்டேன். பின்னேரம் ஒரு பிள்ளையின் தாய் தொலைபேசியில், "அண்ணை, பாத்தனான், வடிவாக் கிடக்கு." துளசி கைகொடுத்தாள்.
"பாஸ், அப்பா."
நல்ல சந்தோசம் அவளுக்கு. எனக்கும் என்றுதான் சொன்னேன். இனி அவளிடம் கேட்க எனக்கு ஒரு சந்தேகமும் மிச்சமில்லை.

11.10, சனி. வெயில். குளிர்.
ஸ்டுட்கார்ட் நிலையம். எப்போதும் பிந்தும் ரயில் இன்றைக்கு நேரத்துக்கு. மிளகாய்த்தூள் பையை மனைவி மூன்றாம் தரம் தடவிப் பார்த்தாள். கதவு மூடுமுன் துளசி எட்டிப் பார்த்து, "சரி அப்பா, போறன்," என்றாள்.
மனைவி கையாட்டினாள். நானும் ஆட்டினேன். வாய்வரை வந்ததைச் சொல்லவில்லை:
'வாறன்' எண்டு சொல்லு, பிள்ளை.