விபரமில்லாத தலைக்காயம்

கிண்ணியா
4-5-1942

அன்புள்ள கிளாக்கர் அருளம்பலத்துக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நலம். யப்பான்காரன் குண்டு போட்ட அன்று, துறைமுகத்தில் நான் ஓட்டும் பாரந்தூக்கிக் கிறேனில் இருந்து என்னை இறக்கி, உமது ஆசுபத்திரியில் பத்து நாள் கிடத்தினார்கள். இப்போது தலைக்கட்டு அவிழ்த்தாச்சு. ஆனால் ஆசுபத்திரிப் பதிவைப் பார்த்த பிறகுதான் கிறேனில் ஏற விடுவார்களாம், துறைமுகக் கந்தோர் அதிகாரிகள். பதிவுப் புத்தகம் உம்முடைய கையில்தானே? சின்னக் காயம் என்று எழுதிவிடும். இருபது வருசம் மேலே இருந்தவனுக்குத் தரையில் இருக்க ஏலாது.

ஒரு புதினம்: எங்கள் வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது.

ஸைனுலாப்தீன்

திருகோணமலை
8-5-1942

ஸைனுலாப்தீன் நானாவுக்கு,

இரட்டைக் குட்டிக்கு வாழ்த்து. ஒன்றுக்கு என் பெயரை வைத்துவிடாதீர்கள், ஆடு கோபிக்கும்.

என் வேலை இதுதான் நானா: டொக்டர் எழுதும் நோயை ஒரு தடித்த புத்தகத்தில் தேடி, அதற்குரிய எண்ணைப் பதிவது. அன்றைக்கு ஆட்கள் வந்து குவிய, அவர் உங்கள் சீட்டில் ‘தலைக்காயம்’ என்று மட்டும் கிறுக்கிவிட்டு ஓடினார். அதற்கும் ஓர் எண் உண்டு: விபரமில்லாத தலைக்காயம். அதைத்தான் போட்டேன். நானும் மேசைக்குக் கீழே பாய்ந்து, அந்தப் புத்தகமே என் மண்டையில் விழுந்தது. என் காயத்துக்கு விபரம் உண்டு, எண்தான் இல்லை.

இந்த எண்ணோடு கந்தோர் உங்களை மேலே ஏற்றிவிடும். ஆனாலும் விபரமில்லாதவற்றை டொக்டர் திரும்பக் கேட்பார். மயங்கினீர்களா? எவ்வளவு நேரம்? அன்றைய ஞாபகம் இருக்கிறதா? உள்ளதை எழுதுங்கள்.

மண்டை வீங்கிய
அருளம்பலம்

கிண்ணியா
13-5-1942

அன்புள்ள கிளாக்கர்,

நான் மயங்கவே இல்லை. எல்லாம் அப்படியே ஞாபகம். காலையில் ஏறினேன். கீழே இராசையா இரும்புக்குக் கயிறு கட்டிக்கொண்டு நின்றான். விமானம் இரைந்தது. பிறகு என் பெண்சாதி றம்லா கஞ்சி ஊட்டினா. “இன்னும் ஒரு வாய் குடியுங்கோ” எண்டா. இடையில் ஒன்றும் நடக்கவில்லை. இதில் மயக்கம் எங்கே?

உமக்கு இன்னும் சொல்லவில்லையே, எங்கள் வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது!

ஸைனுலாப்தீன்

திருகோணமலை
18-5-1942

நானா,

றம்லா தங்கச்சி உங்களிடம் வந்தது மூன்றாம் நாள். ஒன்றும் நடக்காத அந்த இடையில் இரண்டு நாள் கிடக்கிறது. ஆட்டுக்குட்டிகளும் இரண்டாம் தரம் பிறந்துவிட்டன.

கடிதங்களை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். எதற்கும் எனக்குச் சிரிக்க ஒரு பகிடி வரும், இதற்கு வரவில்லை. டொக்டரிடம் காட்டினேன்.

“ஐசே, இது மூளை அதிர்ச்சி. ஞாபகமும் தவறுது. மேல இருந்து இரும்பைத் தூக்கிட்டு, தூக்கினதையே மறந்தா, கீழ நிக்கிறவன்ர கதி என்ன?” என்றார்.

கீழே நிற்பவன் இராசையா. பழைய எண்ணை வெட்டிப் புதியதை நானே எழுதிக் கந்தோருக்கு அனுப்பினேன். இனிக் கிறேன் இல்லை, நானா. மன்னிப்புக் கேட்கவும் பயமாக இருக்கிறது.

அருளம்பலம்

கிண்ணியா
24-5-1942

அருளம்பலத்துக்கு,

கூட்டாளி என்று எழுதியதை நீர் டொக்டரிடம் சாட்சியாகக் காட்டினீர். என்னைத் தரையில் இறக்கியது யப்பான்காரன் இல்லை, நீர்தான். இதுவே கடைசிக் கடிதம். இந்தப் பக்கம் வராதையும்.

ஸைனுலாப்தீன்

கிண்ணியா
9-6-1942

அன்புள்ள கிளாக்கர்,

நலம். உமக்கு எழுதிக் கனநாள். ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை? என்னில் ஏதும் கோபமோ? தலைக்கட்டு அவிழ்த்தாச்சு. சின்னக் காயம் என்று பதிவில் எழுதிவிடும், கிறேனில் ஏற வேண்டும். இதை எழுதும்போது பக்கத்தில் இருந்து றம்லா ஏனோ அழுகிறா.

ஒரு புதினம்: எங்கள் வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது.

ஸைனுலாப்தீன்

திருகோணமலை
12-6-1942

அன்புள்ள நானா,

இரட்டைக் குட்டியா! இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஒன்றுக்கு என் பெயரை வைத்துவிடாதீர்கள், ஆடு கோபிக்கும்.

எனக்கு உங்களில் ஒரு கோபமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோணி ஏறி வருகிறேன். கிறேன் விசயத்தை நேரில் சொல்லுகிறேன். கேட்டதும் உங்களுக்குக் கோபம் வரும். வாய் நோக ஏசுங்கள், இனி வராதே என்றும் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறும் வருவேன்.

உங்கள்
அருளம்பலம்