பலகையில் இன்னொரு ஹோல்டன்

அன்பு மகள் பிரையொனிக்கு உன் சித்தப்பா கிளிஃப் ஆசையுடன் எழுதுவது. இங்கே நானும் என் மீன் வறுவல் கடையும் அமோகம், முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது, பெர்த் வெயிலில் நீ கருகிப்போகாமல் இருக்கிறாய்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். எதிர்ச்சாரியில் கம்பளி நூல் கடை வைத்திருக்கிறாளே வின்னி, அவளைக் கல்யாணத்துக்குக் கேட்பதென்று முடிவெடுத்தேன். என் மீனைத் தின்று மேயரே கண்ணீர் விட்டார், அப்பேர்ப்பட்ட எனக்கு இதைக் கேட்க நாக்கு எழவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடைப் பலகைக்குப் புது வண்ணம் பூச டெஸ்மண்ட் வந்தான். ஹோல்டன்ஸ் என்று நம் பெயரோடு ஒட்டிய எஸ் எழுத்துப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி அந்தரத்தில் தொங்குமே, அது எஸ்ஸுக்கு முன்னால் இருந்தால் கடை ஒரே ஹோல்டனுடையது, பின்னால் போனால் பல ஹோல்டன்களுடையது என்றான். எனக்கு முன்பே தெரியும், இந்தக் கடற்கரையில் இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படியானால் பெண்கள் கழிப்பறைக் கதவிலும் பின்னாலேயே போடு, பல பேர் வருகிறார்கள் என்றேன். விமன் என்ற சொல் எஸ் இல்லாமலே பலரைக் குறித்துவிடும், அதற்கு முன்னால்தான் என்று மறுத்துவிட்டான். பெண்களுக்கு எதிலும் தனிச் சட்டம்தான். கடைப் பலகையில் மட்டும் பின்னால் தள்ளச் சொன்னேன், அந்த இன்னொரு ஹோல்டன் தான்தான் என வின்னி பார்த்ததும் புரிந்துகொள்வாள் என்று.

வெள்ளிக்கிழமை, வரிசை கலங்கரை விளக்கம் வரை நிற்கிறது, வின்னி வந்து அண்ணாந்து பார்த்தாள். "கடற்காகம் எச்சம் போட்டிருக்கு கிளிஃப், தொடச்சிடு" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. "அது எச்சமில்ல வின்னி, அது நீ" என்று சொல்லிவிட்டேன். வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டியது. தட்டுத்தடுமாறி விளக்கினேன், டெஸ்மண்டும் ஏணியிலிருந்து ஒத்து ஊதினான். அவள் நேரே உள்ளே வந்தாள், மீன் வறுக்கும் என் கம்பிக்கூடையை, உன் அப்பாவைக்கூட நான் தொடவிடாத கூடையை, கையில் எடுத்தாள். "பலகையில இடம் குடுத்தா போதுமா? அடுப்புகிட்டயும் குடு. சரின்னுதான் சொல்றேன், முழிக்காம தள்ளி நில்லு" என்றாள். தள்ளி நின்றேன்.

ஜூன் முதல் திங்கட்கிழமை கல்யாணம், அன்றைக்குத்தான் கடைக்கு விடுமுறை. வராவிட்டால் உனக்கு என் சொத்தில் ஒரு உருளைக்கிழங்குகூடக் கிடையாது. இங்கே ஜூனிலும் குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வா. நீ நூறாண்டு வாழ என் ஆசிகள், வின்னியுடையதும்.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் பொட்டலம் மட்டும் மடிக்கும் உன் சித்தப்பா,
கிளிஃப் ஹோல்டன்