கண்ணாடியின் நடுத்தண்டு

அலாஸ்கா, பிப்ரவரி 1965

அன்புள்ள வெர்னா,

நீ சுகமா? அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் நலம். குளிர்தான் விடவில்லை.

நம் கார்வெட் காரின் பின்பக்கம் நீ சாய்ந்து நிற்கும் படம் வந்தது. முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். கூட வேலை பார்க்கும் மெர்ல் கேட்டான்: “ஏம்ப்பா லாயிட், அறுபத்து மூணு மாடல்னு அளந்துவிட்டியே, இது அறுபத்து நாலாச்சே?” அப்போதுதான் பார்த்தேன். பின்கண்ணாடியை இரண்டாகப் பிரிக்கும் தண்டைக் காணோம். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

பின்னால் வருவது தெரியவில்லை என்று பலரும் அதை அறுத்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி மாட்டுகிறார்கள், தெரியும். ஆனால் அறுபத்து மூன்று என்ற அந்த ஓராண்டு வண்டிகளுக்கு மட்டுமே வாய்த்த முதுகெலும்பு அது. செயின்ட் லூயிஸ் ஆலையில் அந்தக் கூரைகளைத் தேய்த்து வழவழப்பாக்கியவன் நான். வண்டி வாங்கிய அன்று உன் விரலைப் பிடித்து அந்தத் தண்டின்மேல் தடவிக் காட்டினேனே.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அறுத்த துண்டு குப்பைக்குப் போகவில்லையென்றால் அதையும் சேர்த்துக் கட்டு. தபால் விமானம் கிளம்பப்போகிறது.

மூன்று கடிதங்களில் ‘வண்டி அப்படியே இருக்கிறது’ என்று எழுதியிருந்தாய். என் நினைவாகவே இருப்பதாகவும் அதே கடிதங்களில்தான் எழுதியிருக்கிறாய்.

லாயிட்