எதுவரைக்கும் என்று சொல்லவில்லை

மூவார்,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி ஜீவனுக்கு அக்கா மலர் எழுதுவது. மீரிக் கடலில் உனக்கு வேலையும் சாப்பாடும் ஒழுங்காக அமையட்டும். போனில் பேசினால் பலகைச் சுவரைத் தாண்டி ஷர்மினிக்குக் கேட்கும். வாட்ஸ்ஆப்பில் எனக்குத் தமிழ் அடித்துக் கொடுப்பதும் உன் பெண்டாட்டிதான். அதனால்தான் நாளைக் காலை அங்கே வேலைக்குக் கிளம்பும் உன் கூட்டாளி விஜயனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் நன்றாக இருக்கிறாள். மூக்கு உன்னுடையது, பாவம். எனக்குத்தான் இடுப்பு கழன்று விழாத குறை. தொழிற்சாலையில் லீவும் முடியப்போகிறது.

ஷர்மினிக்கு ஆட்டிசம் என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னாய். கூச்ச சுபாவம், அவ்வளவுதான் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பால் கொடுத்தால் வலிக்கிறது என்று முதல் வாரமே சொன்னாள். "தஹான் பண்ணும்மா, நாங்கல்லாம் பொறுத்துக்கிட்டுத்தானே குடுத்தோம்" என்றேன். எதற்குத்தான் நாம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை?

அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்து நானும் சாம்பிராணி போட்டேன், பார்க்க வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டேன், குழந்தையின் தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினேன். திங்கட்கிழமை பார்த்தால் அவள் சட்டையில் ரத்தம். காம்பு வெடித்துக் காய்ச்சலும் கண்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீங்கதானே அண்ணி தஹான் பண்ணச் சொன்னீங்க. எதுவரைக்கும்னு சொல்லலையே" என்றாள். குத்திக் காட்டவில்லை, தம்பி. நிஜமாகவே காத்திருந்திருக்கிறாள்.

டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியும் வந்து பார்த்தார். புண் ஆறும்வரை மெஷினில் எடுத்துப் பாட்டிலில் கொடுக்கலாம், அதுவும் தாய்ப்பால்தான் என்றார். அறையில் புகையும் சத்தமும் வேண்டாம், தொடுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள் என்றார். இப்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். என் தம்பி வீட்டிலேயே கதவைத் தட்டுகிறேன், பார்.

ஆனால் மெஷினைத் தொட மாட்டேன் என்கிறாள். "பாட்டில் வேணாம், நீதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாயாம். நீ சொன்னதை நீதான் மாற்ற வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொடுக்கிறாள்.

இதைப் படித்த உடனே அவளுக்குப் போன் பண்ணு. உன் இஷ்டம் என்று சொல்லாதே, அது அவளுக்குப் பதில் ஆகாது. "போதும்மா, பாட்டில்ல குடு, எனக்குக் கோவம் இல்ல" என்று இந்த வார்த்தைகளையே சொல். அவள் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதே.

மாரியம்மன் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். சீக்கிரம் தம்பி. நான் சொன்னால் நிறுத்த மாட்டேன் என்கிறாள்.

அக்கா,
மலர்